பாடும் தலைக்கட்டும்

1

சமூகவியலைத் தமிழில் எழுத முற்பட்டவர்களுக்கு 'ஸ்டேட்டஸ்' என்ற சொல் எப்போதும் தொல்லை கொடுத்து வந்திருக்கிறது. 'அந்தஸ்து' என்று எழுதினால் பணமும் படாடோபமும் கூடவே வந்துவிடுகின்றன. 'தகுதி' என்றால் பரீட்சை எழுதித் தேறிய தோரணை. 'நிலை' எதற்கும் பொருந்துகிற சொல், ஆகவே எதையும் சொல்லாத சொல். 'ரோல்' என்பதற்கும் இதே கதிதான். நாம் 'பங்கு' என்றோம்; இலங்கையில் 'வகிபாகம்' என்றார்கள்; நாடகக் கொட்டகையிலிருந்து வந்த சொல் என்பதை மறக்காதவர்கள் 'பாத்திரம்' என்றார்கள். இக்கட்டுரையில் முதலாவதை 'ஸ்தானம்' என்றும் இரண்டாவதை 'பங்கு' என்றும் வைத்துக்கொள்கிறேன். இவை சிறந்த சொற்கள் என்பதால் அல்ல. எங்காவது தொடங்கியாக வேண்டும்.

இந்த இரண்டையும் ஜோடி சேர்த்துப் பாடமாக்கியவர் ரால்ஃப் லிண்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1936இல் வந்த அவருடைய 'மனிதனைப் பற்றிய ஆய்வு' என்ற நூலில், ஸ்தானம் என்பது உரிமைகளும் கடமைகளும் சேர்ந்த ஒரு தொகுதி என்றார். அந்த உரிமைகளையும் கடமைகளையும் ஒருவன் நடைமுறையில் செலுத்தும்போது அவன் ஆற்றுவது பங்கு. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. ஸ்தானங்களிலும் இரண்டு வகை சொன்னார்: பிறப்போடு வந்து ஒட்டிக்கொள்வது, முயன்று அடைவது. லிண்டனுக்கு முன்பே, 1861இல், ஹென்றி மெய்ன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் சரித்திரத்துக்கே ஒரு திசை சொல்லியிருந்தார். முன்னேறும் சமூகங்கள் பிறப்பு தந்த ஸ்தானத்திலிருந்து தனிமனிதர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நோக்கிப் போகின்றன என்பது அவர் வாதம். மறுவருடமே வைஸ்ராய் கவுன்ஸிலின் சட்ட உறுப்பினராக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

லிண்டனும் மெய்னும் தந்த இந்தச் சொற்களைக் கையில் எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனால் அவை கொஞ்சம் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்தைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

2

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காடு ஏரி தொடங்குகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தமிழ்நாட்டுக்குத் தென்கோடி மட்டும். ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நடுவில் கிடந்து ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரிக்கிறது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல என்பதை வெளியூர்க்காரர் உணர்வதில்லை. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அந்தப் போக்குவரத்துப் பாதையில் வலை கட்டியவனுக்கு ஒரு ராத்திரியில் கிடைப்பது, ஒதுக்குப்புறத்தில் கட்டியவனுக்குப் பல நாளிலும் கிடைக்காது. ஆகவே யார், எங்கே, எந்த நாளில் என்ற கேள்வி இந்த ஏரியில் ஒதுக்க முடியாத கேள்வி.

அதற்குக் கிடைத்த பதில்தான் பாடு. பட்டினவர் சாதி மீனவர்களிடையே, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இம்முறை நடைமுறையில் இருந்து வருகிறது. மீன்பிடிக்கும் நீர்ப்பரப்பு பெயர் சொல்லி இடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கம்பு நட்டுக் கட்டும் சுத்துவலை, பாடிவலை ஆகிய குறிப்பிட்ட வலைகளுக்குத்தான் இந்த உரிமை. எந்த ஊருக்கு எந்த நாள், ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டும் சுழற்சியும் தீர்மானிக்கின்றன. இன்று நல்ல இடத்தில் நிற்பவன் நாளை மோசமான இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். 1991இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக செபாஸ்டியன் மாத்யூ இம்முறையை ஆராய்ந்து எழுதினார். அதற்கு முன்பும் பின்பும் இது காகிதத்தில் வாழவில்லை, ஊரின் ஞாபகத்தில் வாழ்ந்தது.

பாடு என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் அது வலை கட்டும் இடம். அந்த இடத்தின் மீதான உரிமையும் அதுவே. 'மீன்பாடு' என்றால் கிடைத்த மீன். 'பாடுபடுதல்' என்றால் உழைத்தல், துன்பப்படுதல். 'அவன் பாடு' என்றால் அவனுக்கு வாய்த்தது, அவனே பார்த்துக்கொள்ள வேண்டியது. லிண்டன் இரண்டாகப் பிரித்துக் காட்டிய ஸ்தானமும் பங்கும் இங்கே ஒரே சொல்லில் ஒட்டிக் கிடக்கின்றன. நிற்கும் இடமும் பாடு, அங்கே செய்யும் வேலையும் பாடு, அதன் பலனும் பாடு.

இந்த உரிமையைக் கணக்கிடும் அலகுக்குப் பெயர் தலைக்கட்டு. தமிழகக் கிராமங்களில் கோயில் வரியிலிருந்து சாவு மொய் வரை எல்லாம் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் வசூலாகும். பழவேற்காட்டில் பாடு பெறுவதற்கும் தலைக்கட்டாக இருக்க வேண்டும். அந்தச் சாதியில், அந்த ஊரில் பிறந்த ஆணாக இருக்க வேண்டும், மணமாகியிருக்க வேண்டும். பிறப்பால் வருவதா, முயன்று அடைவதா என்ற லிண்டனின் கேள்விக்கு இங்கே நேரான விடை இல்லை. பிறப்பு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. உள்ளே நுழையக் கல்யாணம் வேண்டியிருக்கிறது.

3

பாடு முறையை முதலில் கேள்விப்படுகிறவருக்கு வியப்பு ஏற்படும். எனக்கும் ஏற்பட்டது. சாதி என்றால் ஏணிதான் என்று பழகிய மனத்துக்கு, ஒரு சாதிக்குள் இவ்வளவு கறாரான சமத்துவம் இருப்பது புதிதாகப்படுகிறது. பணம் உள்ளவன் நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. வயது, வீரம், குடும்பப் பெருமை எதுவும் சீட்டின் முன் செல்லுபடியாகாது. உள்ளே இருப்பவர்களுக்கு இடையில் ஸ்தானம் மேல்கீழாக இல்லை, வரிசையாக இருக்கிறது. வரிசையும் சுற்றி வருகிறது. இன்னொன்றும் உண்டு. பட்டினவரில் இந்துவும் கிறிஸ்தவரும் இருக்கிறார்கள். ஓர் ஊரின் பெயரில் மாதா இருக்கிறாள். மதம் மாறியதால் பாடு போய்விடவில்லை. இங்கே உரிமையைத் தாங்கி நின்றது மதமல்ல, சாதி.

ஆனால் இது கடற்கரைக்கு மட்டும் வாய்த்த அதிசயமல்ல. பழவேற்காடு பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் வயற்காட்டில் மிராசு என்றொரு ஏற்பாடு இருந்தது. எஃப். டபிள்யூ. எல்லிஸ், திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று முதலில் சொன்ன அதே எல்லிஸ், மிராசு உரிமை பற்றிய விளக்கங்களை எழுதினார். அவை 1818இல் அச்சாயின. அவற்றில் இரண்டு வகைக் கிராமங்கள் வருகின்றன. பங்குகள் நிரந்தரமாகப் பிரிந்துவிட்ட கிராமம் அருதிக்கரை. நிலம் பொதுவில் இருந்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மாற்றிப் பகிர்ந்துகொள்ளப்படும் கிராமம் பசுங்கரை. நல்ல வயல் ஒருவனிடமே தங்கிவிடக்கூடாது என்பதுதான் அங்கும் நியாயம். ஏரியில் பாடு செய்ததைக் கரையில் பசுங்கரை செய்தது.

பசுங்கரைக் கிராமங்களிலும் பங்காளிகளுக்குள் நியாயம் பிசகாமல் நடந்திருக்கக் கூடும். ஆனால் அந்த வயலில் இறங்கி உழுத பறையருக்குப் பங்கு கிடையாது. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹியர் எழுதிய அறிக்கை இதைச் சொல்லிற்று. குடியிருக்கும் மண்ணுக்குக்கூட அவர்களுக்கு உறுதியான உரிமை இல்லை என்பதையும், தரிசு நிலத்தைக் கேட்டாலும் மிராசுதாரர்கள் குறுக்கே நிற்பதையும் அவர் பதிவு செய்தார். மறுவருடம் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்ததற்கு அந்த அறிக்கை காரணமாயிற்று. பங்காளி என்ற ஸ்தானம் ஒருவருக்கு. உழவன் என்ற பங்கு இன்னொருவருக்கு. லிண்டன் பிரிக்க முடியாது என்று சொன்ன ஜோடி அந்த வயலில் பிரிந்து கிடந்தது.

தரையில் பசுங்கரைகள் காலப்போக்கில் அருதிக்கரைகளாயின. பிரிட்டிஷ் வருவாய்த் துறைக்குச் சுழலும் பங்குகளைவிடத் தனிப் பட்டா வசதியாக இருந்தது. வயலுக்கு வரப்பு உண்டு. உரம் போட்டால் வளம் ஏறும். அதைக் கைவிட மனம் வராது. ஏரியில் வரப்பு இல்லை. சேறு நகர்கிறது, உப்பு ஏறி இறங்குகிறது, முகத்துவாரம் இடம் மாறுகிறது. சொந்தமாக்கிக்கொள்ள முடியாத ஒன்றை முறை வைத்துத்தான் ஆள முடியும். பாடு இவ்வளவு காலம் நீடித்ததற்கு மீனவர்களின் நல்ல குணத்தைக் காரணம் சொல்வதைவிடத் தண்ணீரின் குணத்தைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

4

பழவேற்காட்டில் எழுத்தாக எஞ்சியிருப்பது வேறு ஒரு சரித்திரம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இங்கே வியாபார அனுமதி பெற்றது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் இதுதான். 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இன்று புதர். கல்லறைகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பலகைக்கல்லில் பெயர், பதவி, குலச்சின்னம், வயது எல்லாம் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கம்பெனியில் வியாபாரி, மூத்த வியாபாரி என்று படிகள் இருந்தன. செத்த பிறகும் படியைக் கல்லில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஸ்தானத்தைச் செதுக்கி வைத்தவர்கள் சரித்திரத்தில் கிடைக்கிறார்கள். ஸ்தானத்தைச் சீட்டில் குலுக்கிப் போட்டவர்கள் கிடைப்பதில்லை.

இந்தக் கோட்டையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காடு அடிமை வியாபாரத்துக்கும் துறைமுகமாக இருந்தது. பஞ்சமும் சண்டையும் வந்த வருடங்களில், விற்கப்பட்டவர்களும் தம்மையே விற்றுக்கொண்டவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் பத்தாவியாவுக்கும் டச்சுக்காரர்களின் பிற குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் எழுதிய நூலில் அடிமைத்தனத்தைச் 'சமூக மரணம்' என்றார். அடிமை என்பவன் கீழான ஸ்தானத்தில் இருப்பவன் மட்டுமல்ல. பிறப்பால் வரும் எந்த உரிமையும் அறுக்கப்பட்டவன். அவனுக்குத் தகப்பன் ஊர் இல்லை, தலைமுறை இல்லை. அவனிடம் மிஞ்சுவது வேலை மட்டுமே. உரிமையின் நிழல்கூட இல்லாத வெறும் பங்கு.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறப்பால் வரும் ஸ்தானத்தை விலங்கு என்று மட்டும் பார்ப்பது நமக்குச் சுலபம். மெய்ன் காட்டிய திசையும் அதுதான். ஆனால் மனிதர்களை எடைபோட்டு ஏற்றுமதி செய்த கரையில், 'நான் இந்த ஊர்த் தலைக்கட்டு, எனக்கு முறை உண்டு' என்று சொல்ல முடிவது சின்ன விஷயமல்ல. பஞ்ச காலத்தில் எவனிடம் காட்ட ஒரு பிறப்புரிமையும் இல்லையோ அவன்தான் கப்பலில் ஏறினான். அடிமையைக் கைமாற்றியதும் ஒரு வகை ஒப்பந்தம்தான். கம்பெனியின் கணக்குப் புத்தகம் அதைச் சுத்தமாகக் குறித்து வைத்தது. பாட்டின் கதவு வெளியாரைத் தடுத்த கதவு. உள்ளிருப்பவரைக் காத்ததும் அதே கதவு. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

5

கதவுக்கு வெளியே நிற்பவர்கள் யார்?

முதலில் பெண்கள். கல்யாணம் ஆகாத ஆண் தலைக்கட்டு அல்ல. அதாவது, ஒரு பெண் வந்து சேர்ந்தால்தான் அவனுக்குத் தலை உண்டாகிறது. ஆனால் முறை அவள் பெயரில் வருவதில்லை. கரைக்கு வந்த மீனைக் காசாக்குகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. கூடை சுமப்பது, விலை பேசுவது, கடன் வாங்குவது, கடனை அடைப்பது எல்லாம் அவர்கள் தலையில். வீட்டின் கணக்கு முழுவதும் தெரிந்தவள் ஊரின் கணக்கில் இல்லை. 'தலைக்கட்டு' என்ற சொல்லே இருவர் சேர்ந்து கட்டியதை ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு.

அடுத்து இருளர்கள். வலையும் படகும் இல்லாமல், மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு இருகையாலும் தேடுகிற இருளப் பெண்களைப் பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் பார்க்கலாம். ஏரியின் அடித்தரையை அவர்கள் கை அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தரையில் அவர்களுக்குப் பெயர் சொல்லி ஓர் இடம் இல்லை. அரசாங்கம் அவர்களைப் பழங்குடி என்று பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் தான் இருப்பதை நிரூபிக்கும் சாதிச் சான்றிதழுக்காக அலைந்து அலுத்த இருளர் குடும்பங்கள் ஏராளம். ஏரியில் ஸ்தானம் இல்லை. காகிதத்தில் உள்ள ஸ்தானம் கைக்கு வருவதில்லை.

பிறகு, ஏரியைச் சுற்றியுள்ள தலித் குடியிருப்புகளிலிருந்தும் பிற சமூகங்களிலிருந்தும் வந்தவர்கள். ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறிய காலத்தில், 1980களில், இவர்களும் அதிகமாக ஏரியில் இறங்கினார்கள். பாடு உள்ளவர்களின் வலைக்கும் எல்லைக்கும் வெளியே, எஞ்சிய இடத்தில், வேறு வலைகளோடு. சச்சரவும் சமரசமும் மாறி மாறி வந்தன. மீன் பிடிக்கிறவனெல்லாம் மீனவன் இல்லை என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று. மீன் பிடிப்பது தொழில். மீனவன் என்பது பிறப்பு. பங்கை ஆற்றியும் ஸ்தானம் சேராத மனிதர்களுக்கு லிண்டனின் சூத்திரத்தில் இடம் இல்லை. ஏரியிலும் இல்லை.

நமது எழுத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு, நாம் கவனிக்கத் தவறியது. தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். அதைக் கற்பும் கடலம்மையும் மோதும் காதல் கதையாகவே நாம் வாசித்தோம். ஆனால் கதை செம்பன்குஞ்ஞுவின் ஆசையில் தொடங்குகிறது: சொந்தமாக ஒரு தோணியும் வலையும். அதற்குப் பணம் மட்டும் போதாது. தோணி வைத்துக்கொள்ளும் உரிமை மரபில் எல்லா மீனவருக்கும் கிடையாது. துறையில் அரயனின் அனுமதி வேண்டும். ஸ்தானத்தைத் தாண்ட முயன்ற ஒரு மனிதனின் கதை அது. தாண்டுவதற்கு அவன் கொடுத்த விலையில் மகளும் சேர்ந்துவிட்டாள். 'கடற்கரை மக்கள்' என்று நாம் ஒரே மூச்சில் எழுதிவிடுகிற கூட்டத்துக்குள் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதைத் தகழி அறிந்திருந்தார். தமிழில் கடலைப் பற்றி எழுதுகிறவர்கள் அலையையும் உப்புக்காற்றையும் வர்ணிப்பதில் காட்டும் சிரத்தையை, யாருக்கு எந்த இடத்தில் வலை கட்ட உரிமை என்பதில் காட்டுவதில்லை.

6

பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்வது இது: கதவைத் திறந்தால் ஏரி அழிந்துவிடும். 1968இல் காரெட் ஹார்டின் 'பொதுவின் அவலம்' என்று எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான். எல்லோருக்கும் பொதுவானதை எல்லோரும் சேர்ந்து சீரழிப்பார்கள். அதற்கு மறுப்பாக 1990இல் எலினார் ஆஸ்ட்ரம் எழுதிய நூல், ஊரார் தாமே விதி செய்து பொதுச் சொத்தைக் காப்பாற்றிய உதாரணங்களைச் சேகரித்தது. 2009இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் எடுத்துக்காட்டிய ஓர் உதாரணம் பழவேற்காட்டை அப்படியே ஞாபகப்படுத்துகிறது.

துருக்கியில் அலான்யா என்ற கடற்கரை ஊர். அங்கே 1970களில் மீனவர்களுக்குள் சண்டை முற்றியது. பல வருடம் முட்டி மோதி ஒரு முறையை உண்டாக்கினார்கள். வலை போடும் இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கினார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் பக்கத்து இடத்துக்கு நகர வேண்டும். பாடேதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. சீட்டில் பெயர் வருவதற்கு அங்கே வேண்டியது மீன்பிடி உரிமம். இன்னாருக்குப் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னோர் உதாரணம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் என்ற கம்பு வலை முறை. அங்கும் இடங்கள் உண்டு, சீட்டு உண்டு. 1958இல் இலங்கை அரசு அதற்கென விதிகள் இயற்றிச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் வாரிசு உரிமை என்ற கதவையும் சேர்த்தே அங்கீகரித்தது. கொச்சிக் காயலிலும் பாடு என்ற பெயரிலேயே சீட்டு முறை உண்டு.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. சீட்டு வேறு, கதவு வேறு. பழவேற்காட்டில் இரண்டும் ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே வளர்ந்ததால் பிரிக்க முடியாதவை போலத் தோன்றுகின்றன. ஏரியைக் காப்பது சீட்டும் சுழற்சியும் வலை வகையின் கட்டுப்பாடும், சாதி அல்ல. எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது உண்மை. அந்த வரம்பைப் பிறப்புதான் போட வேண்டும் என்பது உண்மையல்ல. பாடு முறையைப் பாராட்டுபவர்கள் கதவையும் சேர்த்துப் பாராட்டுகிறார்கள். சாதியை எதிர்ப்பவர்கள் சீட்டையும் சேர்த்து எறியச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன.

7

இதை எழுதும்போதே இந்த வாதம் தாமதமாக வருகிறதோ என்ற சந்தேகமும் இருக்கிறது. ஏரி சுருங்கி வருகிறது. ஆழம் குறைந்து, முகத்துவாரத்தை மணல் அடிக்கடி மூடிக்கொள்கிறது. மூடினால் இறால் வருவதில்லை. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் வந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதையடுத்த ஆண்டுகளில் காட்டுப்பள்ளித் துறைமுகம். வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவில் 1971 முதல் ராக்கெட் ஏறுகிறது. தீவில் இருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். 1990களில் இறால் பண்ணைகள் கரையை மொய்த்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் அவற்றுக்கு இடமில்லை என்றது. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். அவரவர் அலுவலகத்துக்கு அவரவர் ஏரி.

இந்த அலுவலகங்கள் எதற்கும் பாடு என்ற சொல் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது கூட்டுறவுச் சங்க உறுப்பினர், பயனாளி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பழங்குடி. மீன்பிடித் தடைக்கால உதவிக்கும் புயல் நிவாரணத்துக்கும் இந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பழைய ஸ்தானம் ஊர் கொடுத்தது; அதோடு ஒரு வேலையும் சேர்ந்து வந்தது. புதிய ஸ்தானத்துக்குக் கையெழுத்துப் போட்டால் போதும், வேலை செய்ய வேண்டியதில்லை. தலைக்கட்டின் மகன் கம்பெனி வேலைக்கு மீஞ்சூர்ப் பக்கம் போகிறான். அவன் முறை வரும் நாளில் ஏரியில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் முறையை விட்டுக்கொடுக்கவும் மாட்டான். அது வருமானம் என்பதைவிட அவன் யார் என்பதற்கான சாட்சி. இருளருக்கும் பெண்களுக்கும் பங்கு மட்டும் கிடைத்து ஸ்தானம் கிடைக்காமல் போனது போல, இவனிடம் ஸ்தானம் மட்டும் மிஞ்சிப் பங்கு கரைந்துகொண்டிருக்கிறது.

கதவைத் திறக்கச் சொல்வதற்கு இது வசதியான சமயமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்துவரும் தண்ணீரில் இன்னும் ஆளைச் சேர்ப்பதா என்று தலைக்கட்டுகள் கேட்டால், வெளியூரில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவனிடம் உடனடிப் பதில் இல்லை. ஆனால் முகத்துவாரத்தை மூடும் மணலும் சாம்பலும் சாதி பார்ப்பதில்லை. ஏரிக்காகப் பேச வேண்டியவர்கள் தலைக்கட்டுகள் மட்டும் என்றால் குரல் சிறியதாகத்தான் இருக்கும். வலைக்காரனும், கைத்தடவி இறால் எடுக்கிறவளும், கூடை சுமக்கிறவளும் ஒரே வரிசையில் நின்று கேட்டால்தான் அதிகாரிகளின் காதில் ஏரி விழும். வரிசையில் நிற்பது எப்படி, முறை விடாமல் பகிர்ந்துகொள்வது எப்படி என்பது இந்தக் கரையில் யாரும் புதிதாகக் கற்க வேண்டிய விஷயமல்ல. அந்த மூன்று குப்பங்களில் தெரிந்த விஷயம் அது.

பாடு என்ற சொல்லுக்குத் துன்பம் என்ற பொருளும் உண்டு என்று முன்பே குறிப்பிட்டேன். அந்தப் பொருளில் பாடு இன்று ஏரியில் இறங்கும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. இடம், முறை என்ற மற்றப் பொருளில் இன்னும் சிலருக்குத்தான்.